வரைந்த நாரை ஏன் விறைத்து நிற்கிறது? களத்தில் பறவை வரைபவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஒரு டிசம்பர் காலை. நத்தைகுத்தி நாரை ஒன்றை முக்கால் மணி நேரம் வரைந்தேன். மூடிய அலகின் நடுவே தெரியும் இடைவெளிகூடச் சரியாக விழுந்திருந்தது. புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சடைத்து வைத்த நாரை. அலகை அழித்துத் திரும்பப் போட்டேன். கண்ணைத் திருத்தினேன். இறகுக்கு இன்னும் நாலு கோடு சேர்த்தேன். பஞ்சு பஞ்சாகவே இருந்தது. பிழை அலகிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. முதன்முதலில் அவசரமாக இழுத்த முதுகுக் கோட்டின் சாய்வில் இருந்தது.

ஓட்டு வீட்டில் மழைத் தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்காது. எங்கோ நுழைந்து, சட்டத்தின் வழியே ஓடி, வேறெங்கோ சொட்டும். களத்தில் வரையும் படமும் அப்படித்தான். அதனால் கீழே உள்ள தலைப்புகள் எல்லாம் தாளில் சொட்டுகிற இடங்கள்; அவற்றின் கீழ் இருப்பது ஓடு எங்கே உடைந்திருக்கலாம் என்ற தேடல். உங்கள் தொல்லை எதுவோ அதற்கு நேரே போய்விடலாம், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

உங்களிடம் ஏ5 அளவு ஸ்கெட்ச் புத்தகம், 2பி பென்சில், சின்ன வாட்டர்கலர் டப்பா, எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பாதிக்கு மேல் பொருந்தும்.

“பறவை பறந்துவிட்டது, தாளில் அரைக் கழுத்துதான் இருக்கிறது”

முதலில் பார்க்க வேண்டியது: எங்கிருந்து தொடங்கினீர்கள்? பெரும்பாலானவர்கள் அலகு நுனியில் தொடங்கி, தலை, கண், கழுத்து என்று இறங்கி வருவார்கள். பறவை கிளம்பும்போது கண் மட்டும் பளிச்சென்று முடிந்திருக்கும், உடம்பு இருக்காது.

மாற்று வழி இது. முதல் மூன்று விநாடியில் ஒரே கோடு: தலை உச்சியிலிருந்து முதுகு வழியாக வால் நுனி வரை. அடுத்து உடம்புக்கு ஒரு முட்டை, தலைக்கு ஒரு சின்ன முட்டை, அலகு எந்தப் பக்கம் நோக்குகிறது என்று ஒரு குச்சி, கால் தரையைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. இத்தனையும் பத்து விநாடி வேலை. இப்போது அது பறந்தாலும் உங்களிடம் இருப்பது ஒரு முழுப் பறவை.

இரண்டாவது காரணம், ஆளைத் தேர்ந்தெடுத்ததில் பிழை. தேன்சிட்டையும் தவிட்டுக்குருவிக் கூட்டத்தையும் முதல் மாதமே வரையப் போகாதீர்கள். உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்கு நமக்காகவே நிற்பது போல நிற்கும். சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம், பகலெல்லாம் கிளையில் தூங்கும் இராக்கொக்கு, எருமை மேயும் வேகத்தில் கூடவே நடக்கும் உண்ணிக்கொக்கு என்று பொறுமையான மாடல்கள் நிறைய உண்டு.

அப்புறம், பறவைகள் செய்ததையே திரும்பச் செய்யும். இறகு கோதும் நாரை மார்பைக் கோதும், தோளைக் கோதும், நிமிரும், மறுபடி மார்புக்கு வரும். ஒரே பக்கத்தில் நாலைந்து படம் பாதியில் விட்டுவிட்டு, அது பழைய நிலைக்குத் திரும்பும்போது அந்தப் படத்துக்கு நீங்களும் திரும்புங்கள். ஒரு பக்கம், ஒரு பறவை, ஒரு படம் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம்.

“எல்லாப் பறவையும் விறைத்து நிற்கிறது”

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று கையில், ஒன்று காலில்.

கையில் உள்ளது: முதுகுக் கோட்டைச் செங்குத்தாகவோ கிடையாகவோ போட்டுவிடுகிற பழக்கம். கண் சாய்வைப் பார்க்கும். கை அதைக் கொஞ்சம் “சரிசெய்து” நிமிர்த்திவிடும். சோதனை எளிது. பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து, பறவையின் முதுகோடு ஒட்டிச் சாய்த்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டைத் திருப்பாமல் அப்படியே தாளின் மேல் இறக்கிப் பாருங்கள். பத்தில் எட்டு தடவை உங்கள் கோடு நிமிர்ந்திருக்கும். கழுத்தும் அப்படியே. கொக்கு, நாரைகளின் கழுத்து குழாய் போல வளைவதில்லை. இராக்கொக்கு, சாம்பல் நாரை போன்றவற்றின் கழுத்து நடுவே ஓர் இடத்தில் முறித்த மாதிரி மடியும், அங்கே கழுத்தெலும்பு ஒன்று நீண்டிருப்பதால். அந்த முறிவை வழுவழு வளைவாக மாற்றினால் பறவை ரப்பராகிவிடும்.

காலில் உள்ள காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுப் புத்தகம் செலவானது. சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒரு பருவம் முழுக்க மடையான் கொக்குகளை வரைந்தேன். மடையான் என்றால் தோளுக்குள் தலையைப் புதைத்து, கோணிப்பை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள். என் புத்தகத்தில் அத்தனையும் கழுத்தை நீட்டி, இறகை உடம்போடு ஒட்டி, ஒல்லியாக நின்றன. கோணத்தை அளந்தேன், சரியாகவே இருந்தது. பறவைகள் உண்மையிலேயே அப்படித்தான் நின்றிருந்தன, நான் கிட்டே போய் உட்கார்ந்ததால். பயந்த பறவையை எவ்வளவு நேர்த்தியாக வரைந்தாலும் பயந்த பறவைதான் வரும்.

ஆகவே படம் விறைப்பாக இருந்தால் ரப்பரை எடுக்கும் முன் இருபது அடி பின்னால் போங்கள். பறவை கழுத்தை இறக்கி, இறகைத் தளர்த்தி, ஒரு காலை மடக்கும்வரை பென்சிலைத் தொடாதீர்கள். வாகனம் நல்ல மறைப்பு. கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியே வரைந்தால் பறவை பெரும்பாலும் பொருட்படுத்தாது. கூட்டில் உள்ள பறவை எழுந்து நின்றுவிட்டால் உடனே விலகிவிட வேண்டும். முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடந்து வேகும், காகம் காத்திருக்கும். பழகுவதற்குத் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் மாதிரி இடம் கிடைப்பது அரிது. அங்கே ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களிலேயே கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கூடு கட்டும். மனித நடமாட்டம் அவற்றுக்குப் பழகிப்போனது. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. அப்படி ஊரே சேர்ந்து காப்பாற்றிய நிம்மதி, அங்குள்ள பறவைகளின் தோளிலேயே தெரியும்.

“கால் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது” அல்லது “முன்னால் விழப்போகிறது”

விழப்போகிற பறவைக்குச் சோதனை: உடம்பு முட்டையின் நடுவிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால் அது விரல்கள் ஊன்றியிருக்கும் இடத்தில் விழ வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் நாரை என்றால் அந்த ஒரு பாதம் நேர் கீழே வந்தாக வேண்டும். நூல் அலகுப் பக்கம் விழுந்தால் பாதத்தை முன்னே நகர்த்துங்கள், உடம்பை மாற்றாதீர்கள்.

ஒட்டவைத்த காலுக்குக் காரணம் மூட்டுக் குழப்பம். பின்பக்கமாக மடிகிறதே, அதை முழங்கால் என்று நினைத்து வரைகிறோம். அது கணுக்கால். முழங்கால் மேலே, வயிற்று இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. நம்பிக்கை வராவிட்டால் பிரியாணி லெக் பீஸைப் பாருங்கள். குண்டான அந்தத் துண்டு கோழியின் கெண்டைக்கால். அதன் மெல்லிய நுனியில், கறிக்கடைக்காரர் பாதத்தை வெட்டி எறிந்த இடம்தான் கணுக்கால். தடித்த முனை தொடையோடு சேரும் இடம் முழங்கால். நாரையிலும் அதே எலும்புகள்தான், நீளம் மட்டும் வேறு. இதைக் கைப்பட உணர்ந்த பிறகு கால் வயிற்றின் அடியில் குத்திய குச்சியாக வராது. தொடை தொடங்கும் இடத்தில் இறகு லேசாகப் புடைத்திருப்பதும் கண்ணில் படத் தொடங்கும்.

நெடுங்கால் உள்ளானுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதன் கால் நீளத்தைக் கை நம்பாது, குறைத்துவிடும். அளந்தே போடுங்கள்.

“இறகெல்லாம் மீன் செதில் மாதிரி வருகிறது”

ஒவ்வோர் இறகாக எண்ணி வரைகிறீர்கள். அந்தத் தூரத்தில் உங்களுக்குத் தனி இறகு தெரிந்திருக்காது. தெரியும் என்று மூளை சொன்னதை வரைந்திருக்கிறீர்கள். மடித்த சிறகில் கண்ணுக்குத் தெரிபவை மூன்று பட்டைகள்: தோளிலிருந்து முதுகு மேல் சரியும் இறகுகள், சிறகின் மேல்பகுதியை ஓடு வேய்ந்தது போல மூடும் இறகுகள், அவற்றின் அடியிலிருந்து வால் பக்கம் நீளும் பறக்கும் இறகுகள். இந்த மூன்றின் எல்லைக் கோடுகளை மட்டும் போட்டு நிறுத்துங்கள். கறிக்கடையில் முழுக் கோழி இறக்கை ஒன்று கேட்டு வாங்கி, விரித்தும் மடித்தும் ஒரு மணி நேரம் வரைந்தால் பட்டைகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்பது விளங்கிவிடும். சரணாலயத்துக்குள் உதிர்ந்து கிடக்கும் இறகை எடுத்து வரும் ஆசை வரும். அனுமதி இல்லாமல் அங்கிருந்து எதையும் எடுக்க 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. கிடக்கிற இடத்திலேயே வைத்து வரைந்துகொள்ளுங்கள்.

“பைனாகுலரை இறக்கியதும் எல்லாம் மறந்துபோகிறது”

மறதி இல்லை, பேராசை. ஒரே பார்வையில் அலகு, நிறம், கால், இறகு எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளப் பார்க்கிறோம். ஒரு பார்வைக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். “அலகு தலையைப் போல எத்தனை மடங்கு?” பாருங்கள், கண்ணை மூடி ஒரு தடவை மனத்தில் ஓட்டுங்கள், பைனாகுலரை இறக்கிப் போடுங்கள். அடுத்த பார்வை: “கறுப்பு எங்கே முடிகிறது?” இப்படி ஏழெட்டுப் பார்வையில் ஒரு பறவை தேறும்.

கேள்வி கேட்கத் தெரியவில்லையா, பெயர்களிடம் கேளுங்கள். அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நாமக்கோழி, நெடுங்கால் உள்ளான். பெயர் வைத்தவர்கள் யாரோ, தூரத்திலிருந்து முதலில் கண்ணில் படுவது எதுவோ அதைத்தான் பிடித்திருக்கிறார்கள். நாமக்கோழி என்றால் கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம். அவ்வளவு போட்டாலே ஆள் தெரிந்துவிடும். பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பே வேண்டாம், தண்ணீருக்கு மேல் ஒரு கழுத்து போதும்.

படம் நடுங்குகிறது என்றால் அதிக மடங்கு பைனாகுலரைக் கையில் பிடித்திருப்பீர்கள். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு. எட்டு மடங்குக்கு மாறுங்கள், அல்லது முக்காலியில் மாட்டுங்கள். முக்காலியில் நிறுத்திய ஸ்கோப், அதாவது ஒற்றைக்கண் தொலைநோக்கி, கிடைத்தால் அதுதான் ராஜபோகம்: ஒரு கண் ஸ்கோப்பில், இன்னொரு கண் தாளில், கை இரண்டும் காலி.

“வெள்ளைக் கொக்கு தாளில் காணாமல் போகிறது”

வெள்ளைத் தாளில் வெள்ளைக் கொக்கு. ஆகவே சுற்றிலும் கறுப்புக் கோடு போடுகிறோம். கொக்கு வண்ணம் தீட்டாத குழந்தைகள் புத்தகப் படமாகிவிடுகிறது. இங்கே பிழை கொக்கில் இல்லை, அதன் பின்னால் இருக்கிறது.

கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கொக்குக்குப் பின்னால் கோரைப்புல்லோ கருவேல மரமோ இருந்தால் அது கொக்கை விட எவ்வளவோ கருமை. அந்தக் கருமையை முதலில் தீட்டுங்கள். கொக்கு இருக்கும் இடத்தைத் தீட்டாமல் விடுங்கள். பச்சையில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்து, கொக்கின் முதுகு ஓரத்தில் மட்டும் அடர்த்தியாக வைத்து வெளியே நீரால் கரைத்துவிட்டாலே போதும். பக்கம் முழுவதும் பின்னணி வேண்டாம். அலகும் கழுத்தும் போகும் இடத்தில்தான் கவனம். அங்கே பிரஷ் நுனி தடுக்கி உள்ளே போனால் கழுத்து மெலிந்துவிடும்.

பின்னால் வானம் என்றால் கதை தலைகீழ். காலை வானத்துக்கு முன்னால் நிற்கும் வெள்ளைக் கொக்கு பெரும்பாலும் வானத்தை விடக் கருமையாகத்தான் தெரியும். “வெள்ளை” என்ற சொல் தலைக்குள் இருப்பதால் நாம் அதைப் பார்ப்பதில்லை. முஷ்டியைச் சுருட்டிக் குழாய் மாதிரி வைத்து, கொக்கின் வயிற்றுப் பக்கத்தை மட்டும் பார்த்தால் சாம்பல் நீலம் தெரியும். அல்ட்ராமரின் நீலத்தில் ஒரு துளி பர்ன்ட் சியன்னா, நிறையத் தண்ணீர். அதையே நிழல் பக்கம் முழுக்க ஒரே வீச்சில் போடுங்கள். வயிற்றின் அடியில் மட்டும் வேறு நிறம் இருக்கும்: சேற்றில் நின்றால் பழுப்பு, ஆகாயத்தாமரை மேல் நின்றால் பச்சை, கீழேயிருந்து எதிரொளிப்பது. அந்தத் துளிப் பச்சையைச் சேர்த்த பிறகுதான் கொக்கு தாளில் ஒட்டிய காகிதமாக இல்லாமல் தண்ணீரில் நிற்கும்.

ஏற்கெனவே பின்னணி உள்ளே கசிந்துவிட்டதா? கோவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்) வெள்ளையைக் கெட்டியாக எடுத்து ஓரத்தைத் திருத்தலாம். பாவமில்லை. ஆனால் முழுக் கொக்கையும் அதில் மெழுகினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும்.

“மீன்கொத்தியின் நீலம் செத்துப்போகிறது”

வெண்மார்பு மீன்கொத்தியின் முதுகு நீலத்துக்காக நான் வாங்கிக் குவித்த நீலங்களை எண்ணினால் வெட்கமாக இருக்கும். அந்த நீலம் சாயம் இல்லை. இறகுக்குள் நீலச் சாயம் எதுவுமே கிடையாது. இறகின் நுண்ணிய பஞ்சு போன்ற அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம். பனங்காடைக்கும் அப்படித்தான். எனவே கடையில் அதே நீலம் கிடைக்கவில்லை என்றால் குறை கடையுடையது அல்ல.

தாளில் அதற்கு அருகே போக ஒரே வழி, அடியில் உள்ள வெள்ளைத் தாளை ஒளிர விடுவது. தாலோ நீலத்தை மெல்லியதாக, சுத்தமான தண்ணீரில், ஒரே பூச்சு. மேலே இன்னொரு பூச்சு போட்டால் பாதி உயிர் போச்சு, மூன்றாவதில் முழுசும் போச்சு.

இதையெல்லாம் செய்தும் செத்தால், டப்பாவை விட்டுவிட்டுத் தண்ணீர்க் குவளையைப் பாருங்கள். இந்தப் பறவைக்குத் தலையும் வயிறும் கருப்பட்டி நிறம். ஆரஞ்சு சாய்ந்த பழுப்பும் நீலமும் கலந்தால் சாம்பல்தான் கிடைக்கும். பழுப்பு கழுவிய தண்ணீரில் நீலத்தைத் தொட்டிருப்பீர்கள். அல்லது ஈர நீலத்தின் பக்கத்தில் ஈரப் பழுப்பை வைத்திருப்பீர்கள். இரண்டு குவளை வையுங்கள். நீலத்தை முதலில் போட்டு, முழுதாகக் காயவிட்டு, பிறகு பழுப்பு. கலந்தால் நீலத்தைக் கொல்லும் அதே பழுப்பு, காய்ந்தபின் பக்கத்தில் நின்றால் அதைத் தூக்கிக் காட்டும். சிவப்பு அலகைக் கடைசியில் வையுங்கள்.

மேகம் மூடிய நாளில் அதே முதுகு மங்கித் தெரியும். அன்றைக்கு மங்கலாகவே தீட்டுங்கள். மனத்தில் உள்ள மீன்கொத்தியைத் தீட்டுவதற்கு விடியற்காலையில் எழுந்து வந்திருக்க வேண்டாமே.

“வண்ணம் காயவில்லை, பூக்கோசு விழுகிறது” / “பிரஷ் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறது”

முதலாவது மார்கழித் தொல்லை. பனியில் தாளே ஈரமாக இருக்கும். பாதி காய்ந்த பூச்சின் மேல் ஈர பிரஷ் பட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து நிறத்தை ஓரத்துக்குத் தள்ளும். காய்ந்ததும் காலிஃபிளவர் மாதிரிக் கறை. சாய்த்துப் பாருங்கள்: பூச்சு பளபளத்தால் இன்னும் தொடலாம். பளபளப்பு போய், புறங்கையால் தொட்டால் ஜில்லென்று இருக்கிறதா, அப்போது தொடவே கூடாது. அந்த நேரத்தில் அடுத்த பக்கத்தில் வேறு பறவை வரையுங்கள். பக்கம் ஒட்டாமல் இருக்க இரண்டு துணி கிளிப்புகள்.

இரண்டாவது சித்திரைத் தொல்லை. மர நிழலுக்குப் போங்கள், நினைத்ததை விட ஒரு சைஸ் பெரிய பிரஷ் எடுங்கள், தாளை முதலில் வெறும் தண்ணீரால் நனையுங்கள். தாள் அப்பளம் மாதிரி நெளிகிறது என்றால் வானிலையைத் திட்டிப் பயனில்லை. 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாள் வாங்குங்கள்.

“பறக்கும் பறவை சிலுவை மாதிரி வருகிறது”

இறக்கையை உடம்பின் நடுவில் ஒட்டியிருப்பீர்கள். அது தோளிலிருந்து, கழுத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது. அப்புறம், அது ஒரே பலகை இல்லை. நம் கை மாதிரி முழங்கையும் மணிக்கட்டும் உண்டு. மணிக்கட்டு முன்னால் துருத்தும், அதற்கு அப்பால் உள்ள பாகம் பின்னால் சாயும். அந்த ஒரு முறிவைப் போட்டாலே சிலுவை பறவையாகிவிடும்.

வேகமாக அடிக்கும் இறக்கையைத் துரத்தாதீர்கள். வெயில் ஏறியதும் சங்குவளை நாரைகளும் கூழைக்கடாக்களும் சூடான காற்றில் வட்டமிட்டு உயரும். இறக்கையை அசைக்காமல், சுற்றிச் சுற்றி அதே கோணத்தை உங்களுக்குக் காட்டும். ஒரு வட்டத்துக்கு ஒரு கோடு என்று போட்டால்கூடப் படம் முடியும். ஊருக்குள் இருப்பவர்களுக்குக் கள்ளப்பருந்து இதே உதவியைச் செய்யும்.

கழுத்தைச் சரிபாருங்கள். கொக்குகளும் சாம்பல் நாரையும் கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும், கூழைக்கடாவும் அப்படியே. சங்குவளை நாரை, நத்தைகுத்தி, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் நீட்டிக்கொண்டு பறக்கும். கொக்கு கழுத்தை நீட்டிப் பறப்பதாக வரைந்த வாழ்த்து அட்டைகள் ஊரெங்கும் உண்டு. நீங்களும் ஒன்று சேர்க்க வேண்டாம். மடையானுக்குத் தனிக் குறிப்பு: உட்கார்ந்திருக்கும்வரை பழுப்பு, எழுந்தால் வெள்ளை வெளேர். இரண்டையும் ஒரே பக்கத்தில் வரைந்து வைத்தால் பார்ப்பவர் இரண்டு பறவை என்பார்.

“போட்டோ பார்த்தால் நன்றாக வருகிறது, களத்தில் வரவில்லை”

போட்டோ அசையாது, அதனால் எந்த வரிசையில் வரைந்தாலும் மன்னித்துவிடும். களம் மன்னிக்காது. அசையாத பறவைக்கு ஆசைப்பட்டவர்கள் முன்பும் இருந்தார்கள். அமெரிக்கப் பறவை ஓவியர் ஆடுபோன், துப்பாக்கியால் சுட்ட பறவையைக் கம்பியால் நிறுத்தி வரைந்தார். அவருக்கு முன்பே, 1801 முதல் 1807 வரை சென்னையில் வாழ்ந்த நீதிபதி ஒருவரின் மனைவியான எலிசபெத் குவில்லிம் இங்குள்ள பறவைகளைப் பெரிய தாள்களில் தீட்டினார். அவருடைய 121 பறவை ஓவியங்கள் இன்று கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நம் காலத்துக்கு வந்தால், காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் தாம் எழுதிய கட்டுரைகளுக்குத் தாமே கோட்டோவியம் போட்டார். கேமராவும் தூக்கியவர்தான்.

என் யோசனை: போட்டோவை விட வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். களத்தில் பத்து நிமிடம் வரைந்த பிறகே கேமராவை எடுங்கள். வீட்டில் போட்டோவைப் பார்த்து விவரத்தைச் சேருங்கள். நிற்கும் தோரணையை மட்டும் போட்டோவிடம் கேட்டு மாற்றாதீர்கள். இரண்டும் முரண்பட்டால் நான் களப் படத்தையே நம்புவேன்.

“வீட்டுக்கு வந்தபின் நிறம் நினைவில்லை”

எழுத்தில் குறித்து வையுங்கள், அதுவும் உங்கள் வீட்டுப் பொருள்களின் பெயரில். “மஞ்சள்” என்று எழுதினால் மாலையில் அதற்கு அர்த்தமே இருக்காது. மாம்பழ மஞ்சளா, எலுமிச்சையா, விரலி மஞ்சளா? சுக்குப் பழுப்பா, கருப்பட்டியா, காய்ந்த சாணமா? கூடவே நேரம், வெயில் எந்தப் பக்கம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது.

“பென்சில் எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்கிறது”

6பி வேண்டாம், 2பி போதும். அல்லது பால்பாயிண்ட் பேனா. ஜெல் பேனா தண்ணீர் பட்டால் அழும்.

“பின்னால் கூட்டம் கூடிவிடுகிறது, கை ஓடவில்லை”

ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல் போனால் இது நிச்சயம். சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்காருவது ஒரு வழி. விடியற்காலையில் போய், பள்ளிப் பேருந்துகள் வருவதற்குள் கிளம்புவது இன்னொன்று. நான் இப்போது செய்வது மூன்றாவது வழி: பையில் நாலு வெற்றுத் தாளும் துண்டுப் பென்சிலும் வைத்திருப்பேன். எட்டிப் பார்க்கும் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டால், அவர்கள் என்னைப் பார்ப்பதை விட்டுப் பறவையைப் பார்ப்பார்கள்.

போன பருவத்தில் அப்படி ஒரு பையன், எட்டு வயது இருக்கும், தன் தாளை முடித்துவிட்டு என் தாளை எட்டிப் பார்த்தான். நான் சின்னக் கொக்குக்குக் காலோடு பாதத்தையும் கறுப்பாகத் தீட்டி முடித்திருந்தேன்.

“அண்ணா, அதுக்கு விரல் மஞ்சள்.”

“கறுப்புதாண்டா தம்பி, பாரு.”

“சேத்துல இருக்கு. தூக்கும்போது பாருங்க.”

பைனாகுலரை எடுத்துக் காத்திருந்தேன். இரண்டு நிமிடம் கழித்துக் கொக்கு ஒரு காலைத் தூக்கி உதறியது. மஞ்சள்.